ஒட்டிய இடத்தில் மீண்டும் விரிசல்: வீட்டில் விமானம் கட்டுவோர் காற்று நுழைவாயில் செய்யும் தவறுகள்

சொந்தமாக விமானம் கட்டி முப்பது மணி நேரம் பறந்திருந்த ஒருவர், போன மாதம் கவுலிங்கை, அதாவது எஞ்சினை மூடியிருக்கும் உறையை, கழற்றி என்னிடம் காட்டினார். காற்று நுழைவாயின் கீழுதட்டு மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கியிருந்தது. அதன் மேல் கண்ணாடியிழைத் துண்டு ஒன்றை வைத்து எபாக்ஸி பூசி, பளபளவென்று தேய்த்தும் வைத்திருந்தார். "இனி வராது" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே மூலையில் அதே வேலையைச் செய்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னவன். அதற்கு விலையாக ஒரு கீழ்க் கவுலிங்கும், கார்புரேட்டருக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஒரு காற்றுப்பெட்டியும் போயின.

ஏர் ஃபில்டரை மாட்ட மறப்பது, வாயில் அடைத்த துணியை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புவது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். கெட்டிக்காரர்களும் மறுபடி மறுபடி செய்யும் தவறுகள் வேறு.

நின்றிருக்கும் எஞ்சினை வைத்து இடைவெளி அளப்பது

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கார்புரேட்டர் அடியில் இருக்கும் எஞ்சின்களில் காற்றுப்பெட்டி கார்புரேட்டரோடு போல்ட்டில் தொங்குகிறது. அதாவது அது எஞ்சினைச் சேர்ந்தது. கவுலிங்கோ ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. எஞ்சினுக்கும் விமானத்தின் உடலுக்கும் நடுவே இருப்பவை நான்கு ரப்பர் தாங்கிகள். காற்றுப்பெட்டியின் வாயும் கவுலிங்கின் வாயும் எத்தனை நேர்த்தியாக ஒரே கோட்டில் அமைந்தாலும் அவை வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று ஆடும்போது மற்றொன்று ஆடாது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 90 முறை எரிதல் நடக்கிறது. அந்த வேகமான அதிர்வில் பெரும்பகுதியை ரப்பர் விழுங்கிவிடும். எரிபொருளை நிறுத்தி எஞ்சினை அணைக்கும்போதுதான் கதை மாறுகிறது. சுற்று குறைந்துகொண்டே வந்து, ரப்பரின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகும் ஒரு கணம் உண்டு. அப்போது மழையில் நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல எஞ்சின் மொத்தமும் ஓர் உதறு உதறும். கிளப்பும்போதும் அப்படித்தான். முழு விசை கொடுத்தாலோ, புரொப்பெல்லர் சுழலும் திசைக்கு எதிராக எஞ்சின் ஒரு பக்கம் சாயும். இவை எதையும் கொட்டகையில் நின்றிருக்கும் எஞ்சின் உங்களுக்குக் காட்டாது.

நான் விட்ட இடைவெளி 4 மில்லிமீட்டர். பார்த்தவர்கள் தொழிற்சாலையில் செய்ததுபோல இருக்கிறது என்றார்கள், நானும் பூரித்துப்போனேன். முதல் முப்பது மணி நேரத்துக்குள் நுழைவாயின் உதட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் படிந்தது. பெயின்ட் தூசி என்று துடைத்துவிட்டேன். அது அலுமினியம் தேய்ந்த தூள். அன்றைக்கே அதைப் புரிந்துகொண்டிருந்தால் ஒரு நாள் வேலையோடு முடிந்திருக்கும். சில வாரங்களில் மூலையில் விரிசல் வந்தது. இரண்டு அடுக்குக் கண்ணாடியிழை போட்டு ஒட்டினேன். விரிசல் நின்றது.

உண்மையில் அது இடம் மாறியிருந்தது. மெல்லிய உதடு அதுவரை கொஞ்சம் வளைந்துகொடுத்து அடியைத் தாங்கியது. நான் அதைத் தடிப்பாக்கியதும் வளைவது நின்று, அடி முழுவதும் காற்றுப்பெட்டிக்குப் போனது. அடுத்த வருடாந்திரச் சோதனையில் கழற்றிப் பார்த்தால், கார்புரேட்டரோடு பெட்டியைப் பிடிக்கும் தகட்டில் ஒரு போல்ட் துளையிலிருந்து அடுத்த துளைவரை விரிசல் ஓடியிருந்தது. மற்றொரு பக்கமும் விட்டிருந்தால் உடைந்த துண்டு போய்ச் சேரும் இடம் கார்புரேட்டரின் தொண்டைதான். கவுலிங்கை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் "டிங்" என்றது, உதட்டருகே "டொக்" என்று செத்துப்போனது. அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்துவிட்டிருந்தன.

இன்னொரு சங்கதியும் உண்டு. புதிய ரப்பர் நாளாக நாளாக அமுங்கும். எஞ்சினின் மூக்கு சற்றுக் கீழிறங்கும். முதல் நாள் சுற்றிலும் சமமாக விட்ட இடைவெளி அடியில் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இப்போது நான் சுற்றிலும் 12 மில்லிமீட்டர் விடுகிறேன், அடியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்த இடைவெளியை சிலிக்கோன் பூசிய துணிப்பட்டையால் மூடுகிறேன். பட்டையை ஒரு பக்கத்தில் மட்டுமே பொருத்த வேண்டும். அதன் சும்மா கிடக்கும் விளிம்பு, உள்ளே வரும் காற்றின் அழுத்தமே அதை மறுபக்கத்தோடு சேர்த்து அழுத்தும்படி சாய்ந்திருக்க வேண்டும். திசை மாறினால் காற்று அதைப் பிரித்துக்கொண்டு வெளியேறும். பட்டை உரசும் இடத்தில் தூசி சேர்ந்தால் அதுவே உப்புத்தாள்போலக் கவுலிங்கை அரிக்கும். எனவே அங்கே ஒரு வழவழப்பான ஒட்டுநாடாவைப் போட்டுவிடுங்கள். தேய்வது நாடாவாக இருக்கட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

சோதிக்க ஒரு வழி: காற்றுப்பெட்டி வாயின் வெளிவிளிம்பில் உதட்டுச்சாயத்தை மெல்லியதாகப் பூசுங்கள். பட்டையைப் பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கவுலிங்கை மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் அணைத்து, மறுபடி கழற்றிப் பாருங்கள். கவுலிங்கில் சிவப்பு ஒட்டியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. வாதத்துக்கு இடமில்லை.

உள்மூலையைக் கூர்மையாக வெட்டுவது

சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் தகடுகளில் வரும் விரிசல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் கூரான உள்மூலையில் தொடங்கியவை. முதலில் மூலையில் ஒரு துளை போட்டு, அந்தத் துளைவரை வெட்டுங்கள். விளிம்பை அரத்தால் தேய்த்து, பிறகு உப்புத்தாளால் நகம் சிக்காத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். 2024-டி3 போன்ற கடினமான அலுமினியக் கலவைத் தகட்டை மடிக்கும்போது, மடிப்பின் உள் ஆரம் தடிமனைப்போல மூன்று, நான்கு மடங்காவது இருக்கட்டும். மடிக்கும் கோட்டைக் கூரான எழுத்தாணியால் கீறுபவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றுகிறது. விரிசலுக்கு நீங்களே வழி வரைந்து கொடுக்கிறீர்கள்.

விரிசல் வந்துவிட்டால் அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். சரிதான். ஆனால் நுனி கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். சாய ஊடுருவல் சோதனை (விரிசலுக்குள் ஊறிய சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும் முறை) செய்து பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். துளை தற்காலிக ஏற்பாடு. மேலே ஓர் ஒட்டுத்தகடு வேண்டும். இந்தத் துளை வித்தையைக் கண்ணாடியிழையில் காட்டாதீர்கள். அங்கே கெட்ட இழைகளைச் சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டு அடுக்கு அடுக்காகப் புதிதாகப் போட வேண்டும். அதையும் முட்டுவதை நிறுத்திய பிறகு செய்யுங்கள்.

பென்சில்

அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள். கிராபைட் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

இழுப்பு ரிவெட்டைக் காற்றுப்பெட்டிக்குள் அடிப்பது

ஃபில்டரைத் தாண்டிய பிறகு உள்ளே கழன்று விழுவது எதுவானாலும் எஞ்சினுக்குத்தான் போகும். இழுப்பு ரிவெட்டை நடுத் தண்டை இழுத்து முறித்துத்தான் இறுக்குகிறோம். உள்ளே மிஞ்சிய தண்டுத் துண்டு அதிர்வில் கழன்றுவிடலாம். அந்த இடங்களில் அடித்து விரிக்கும் திட ரிவெட்டையே போடுங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மாற்றுக் காற்று வரும் கதவையும் மறக்காதீர்கள். எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் அது படபடத்துக்கொண்டிருக்கிறது. கீலின் ஊசி தேய்கிறது. ஒவ்வொரு முறை கவுலிங்கைக் கழற்றும்போதும் அதை விரலால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் மாற்றுங்கள்.

சிலிக்கோன் பசை

பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிக்கோன் பசை உப்பிப் பிய்ந்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் வகை அலுமினியத்தையும் அரிக்கும். காற்றுப்பெட்டிக்குள் வேண்டாம்.

ஃபில்டர் புதிது என்று நிம்மதியாக இருப்பது

ஃபில்டர் புதிதாக இருக்கும். அது உட்காரும் விளிம்பு தேய்ந்து இடுக்கு விட்டிருக்கும். தூசி சுலபமான வழியில்தான் போகும். ஃபில்டருக்குப் பின்னால் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் வந்தால், அதே மண் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய்ப் பரிசோதனையில், மண்ணில் இருக்கும் சிலிக்கானின் அளவு ஏறுவதும் இதற்கு ஓர் அறிகுறி. ஆனால் சிலிக்கோன் பசையைக் கண்ட இடத்தில் அப்பி வைத்திருந்தாலும் அந்த அளவு ஏறும். பிறகு மண் எது, பசை எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒட்டுப்போட்ட நண்பரின் விமானத்திலும் உதட்டுச்சாயம் பூசி எஞ்சினைக் கிளப்பினோம். அணைத்துக் கழற்றினால், அவர் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒட்டின் நட்ட நடுவில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவுகோலை எடுத்து, கவுலிங்கின் உதட்டில் வெட்ட வேண்டிய கோட்டைக் குறித்தார். பென்சிலால்தான். கண்ணாடியிழை என்பதால் விட்டுவிட்டேன்.