இரட்டைப் பெருந்தமனி வளைவு: இளைப்பு என்று எண்ணித் தவறவிடப்படும் வளையம்

கருவில் இணை இணையாகத் தோன்றும் தமனி வளைவுகளுள், நான்காவது இணையின் இடப்புற வளைவு மட்டும், இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வளைவாக நிலைத்து, வலப்புறத் தொடர்ச்சி தேய்ந்துபோவதே இயல்பு. அரிதாக இரண்டுமே நிலைத்துவிட்டால், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் நடுவில் இறுக்கும் வளையம் உருவாகிறது. இதுவே இரட்டைப் பெருந்தமனி வளைவு. 1945-இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் இதனை அறுத்துச் சரிசெய்துகாட்டிய பின்னும் இது தவறவிடப்படுவதற்கு முதற்காரணம், குழந்தையின் மூச்சொலிக்கு நாம் அவசரப்பட்டு இடும் பெயர்தான்.

அந்த ஒலியை ஆஸ்துமா என்றோ வீசிங் என்றோ முடிவுகட்டி, மாதக்கணக்கில் நெபுலைசர் வைத்துக்கொண்டிருப்பதே பெருந்தவறு. ஆஸ்துமாவின் இளைப்பு சிறு மூச்சுக்கிளைகளில் எழுவது. மருந்துக்குப் பெரும்பாலும் தணிவது. வளையத்தால் வரும் கரகரப்போ, பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் கேட்டு, பாலூட்டும்போதும் அழும்போதும் மிகுந்து, மருந்துக்கு அசையாமல் நிற்கும். குரல்வளை மென்மையால் எழும் ஒலி குப்புறப் படுக்கவைத்தால் குறைவதுண்டு. இதில் அவ்வளவாக மாறுவதில்லை. கழுத்தைப் பின்னுக்கு வளைத்தே சில குழந்தைகள் உறங்குவது மூச்சுவழியைத் திறந்துவைத்துக்கொள்ளத்தான். அதைக் கெட்ட பழக்கமென்று தலையணை வைத்துத் திருத்த வேண்டாம். திட உணவு தொடங்கியதும் விழுங்கத் திணறினால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கவும் கூடாது.

எக்கோ எனும் இதய ஒலியலைப் படத்தில் இதயம் நன்றாக இருக்கிறது என்றவுடன் தேடலை நிறுத்துவது அடுத்த தவறு. இக்குறை உள்ள பலருக்கு இதயத்தின் உட்பகுதியில் பழுதே இருப்பதில்லை. தவிர, வளைவின் ஒரு பகுதி அடைபட்டு வெறும் நாராகிவிட்டால், அதில் ரத்த ஓட்டம் இராது. ஓட்டத்தைக் காட்டும் கருவிக்கு அது தெரியாது. நாரானாலும் இறுக்கம் இறுக்கம்தான். படத்தில் தெளிவாகத் தெரியும் பேரியக் கரைசலை விழுங்கக் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் பின்புறமும் இரு பக்கமும் பதியும் அழுத்தத் தடங்களும், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமில் மூச்சுக்குழாயைச் சுற்றி நான்கு தமனிகள் சமச்சீராக நிற்பதும் உண்மையைச் சொல்லிவிடும்.

இக்குழந்தைகளுக்கு மூக்குவழி உணவுக்குழலை நெடுநாள் விட்டுவைப்பது ஆபத்தானது. வளையத்துக்கும் குழலுக்கும் இடையே உணவுக்குழாயின் சுவர் நைந்து, பெருந்தமனியோடு துளை விழுந்து, உயிர்பறிக்கும் ரத்தப்போக்கு நேர்ந்ததுண்டு.

அறுவையில் சிறிய வளைவே, பெரும்பாலும் இடப்புறத்தது, துண்டிக்கப்படும். ஆகவே எது சிறியது என்பதைப் படத்தில் உறுதிசெய்யாமல் மார்பைத் திறப்பதும், அறுக்குமுன் அதைத் தற்காலிகமாக இறுக்கிக் கை, கால், கழுத்து நாடிகளைச் சோதிக்காதிருப்பதும் பிழை. அறுவை முடிந்த மறுநாளே ஒலி நிற்கும் என்று பெற்றோருக்கு வாக்களிப்பதும் பிழைதான். நெடுநாள் அழுந்திக் கிடந்த மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு உறுதிபெற மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும்.