போரிங் அறிக்கை இல்லாமல் ஒரு நீலகிரிச் சரிவைக் கணக்கிடுவது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுமனை சரியாமல் நிற்குமா என்று சரிவுக் கணக்கு கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் மண் பரிசோதனை அறிக்கை இருக்காது. நிலத்தைத் துளைத்து ஆழத்திலிருந்து மண் எடுக்கும் போரிங் இயந்திரம் ஏறுகிற அளவுக்குப் பாதையும் இருக்காது. ஜேசிபி வெட்டிவிட்டுப் போன மண்முகம் மட்டும் இருக்கும். அதற்காகக் கணக்கை விட்டுவிட முடியாது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 82 செ.மீ.; அந்த மழைநாட்களில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவிலான நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் கிடைக்கும், பழைய சரிவுகளின் இடங்களும் கிடைக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் புரட்டினால் இப்போது தேயிலை மூடியிருக்கும் தழும்புகள் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை வைத்து மட்டும் மனையின் கோணத்தை எடுக்காதீர்கள். ஐந்து மீட்டர் வெட்டு அதில் தெரியவே தெரியாது. நாடாவும் போனில் உள்ள சாய்வுமானியும் அதைவிட நம்பகமானவை.

களத்தில் நான் முதலில் தேடுவது, பக்கத்தில் அதே மண்ணில் ஏற்கெனவே சரிந்துபோன ஓர் இடத்தை. ஆய்வகம் தர வேண்டிய எண்ணை அதுதான் தரும். அதன் பழைய கோணம், வழுக்கிய தளத்தின் ஆழம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். இங்கே அடிப்பாறை சார்னகைட் என்ற கடினமான பாறை. அது மட்கி மேலே செம்மண், அடியில் வெளிறிய களிமண் என்று நிற்கும். அந்தக் களிமண் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று வெட்டுமுகத்திலும் கையால் திருகி மண்ணைத் துளைக்கும் ஆகரிலும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கே ஊற்றெடுக்கும் என்று அங்கேயே வாழும் பெரியவர்களிடம் கேளுங்கள். நீர்மட்டத்துக்கு அதைவிட நல்ல பதிவேடு அங்கே இருக்காது.

இனி கணக்கு. ஆழம் குறைந்த, நீளமான சரிவுக்குப் பாதுகாப்புக் காரணி என்பது பிடித்து நிறுத்தும் வலுவைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தது.

இழுப்பு = மண் எடை × ஆழம் × சைன் × கோசைன்
பிடிப்பு = ஒட்டுவலிமை + (மண் எடை × ஆழம் × கோசைன் வர்க்கம் − நீரழுத்தம்) × உராய்வுக் கோணத்தின் டேன்
நீரழுத்தம் = 9.81 × வழுக்குத் தளத்துக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் × கோசைன் வர்க்கம்

ஆழமும் நீரின் உயரமும் செங்குத்தாக அளந்தவை. சைனும் கோசைனும் சரிவின் கோணத்துக்கு. ஒட்டுவலிமை என்பது மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் வலிமை; உராய்வுக் கோணம் அவை உரசித் தடுப்பதன் அளவு.

சரியும் கணத்தில் இழுப்பும் பிடிப்பும் சமம் என்பதால், சரிந்த இடத்தில் காரணி 1 என்று வைத்துப் பின்னோக்கிப் போங்கள். உதாரணமாக 34 பாகை, 2.5 மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை. ஒரே சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்கள் இருப்பதால் உராய்வுக் கோணத்தை 30 என்று எடுத்துக்கொண்டு ஒட்டுவலிமையைக் காண்கிறேன். பிறகு 26 முதல் 34 வரை மாற்றியும் பார்ப்பேன்.

சரிந்தபோது நீர் தரைவரை நின்றது என்றால் ஒட்டுவலிமை 12.7 கிலோபாஸ்கல். பாதி உயரம் நின்றது என்றால் 7.9. நீரே இல்லை என்றால் 3 மட்டுமே. அளந்த சரிவு ஒன்றுதான். நீரைப் பற்றிய அனுமானம் மட்டுமே மாறியது, விடை நான்கு மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் மிகக் கவனம் வேண்டும். பின்னோக்கிய கணக்கில் நீரை அதிகமாக வைத்தால் மண் உண்மையைவிட வலுவாகத் தெரியும். புது மனையைக் கணக்கிடும்போது நீரைக் குறைத்து வைத்தாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே அறிக்கையில் சேர்ந்துவிட்டால் ஆபத்து. மனை 30 பாகை, ஆழம் 3 மீட்டர் என்று கொள்ளுங்கள். 12.7-ஐ எடுத்துக்கொண்டு மனையைக் காய்ந்த நிலையில் கணக்கிட்டால் காரணி 1.54 வரும். வழக்கமாகக் கேட்கப்படும் 1.5-ஐத் தாண்டிவிட்டது, தாளில் எல்லாம் சரி. அதே மனையிலும் தரைவரை நீரை நிறுத்துங்கள்: 1.00. அதாவது சரிவின் விளிம்பு. பின்னோக்கிய கணக்கிலும் மனையிலும் பாதி நீர் என்று போட்டாலும் 1.06-தான்.

அதனால் என் அறிக்கையில் ஒற்றை எண் எழுதுவதில்லை. மூன்று நீர்நிலைக்கும் மூன்று வரிசை எழுதி, ஊற்றுகள் எதைச் சொல்கின்றன என்பதையும் பக்கத்தில் குறிப்பேன். அந்த அட்டவணையைப் பார்த்தாலே செலவை எங்கே செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குப் புரியும். 7.9 ஒட்டுவலிமையில் நீரை முழுக்க வடித்தால் காரணி 1.06-லிருந்து 1.34 ஆகிறது. மேலே ஒரு வடிகால், தடுப்புச்சுவருக்குப் பின்னால் ஜல்லி வடிப்பு, சுவரில் நீர் வெளியேறத் துளைகள், இவை முதலில். மீதிக்குச் சரிவின் கோணத்தைக் குறைக்க வேண்டும்.

வழுக்கும் ஆழம் சரிவின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் இந்தச் சமன்பாடு பொருந்தாது. உயரமான செங்குத்து வெட்டுக்கும் பொருந்தாது. மேலே வீடுகள் நிற்கும் வெட்டாக இருந்தால், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இயந்திரத்தைக் கழற்றிச் சுமந்தாவது ஏற்றிப் போரிங் போடச் சொல்லுங்கள்.