ஸ்கீ அடிப்பரப்பு: எப்போது அரைக்கக் கொடுக்கலாம்?

செங்கோட்டையில் சாரல் தொடங்கினால் பரணில் கிடக்கும் ஸ்கீயின் (பனிச்சறுக்குப் பலகையின்) எஃகு விளிம்பு துருப்பிடிக்கும். இதற்கெல்லாம் கடை வேண்டாம். துருவை ரப்பர் கட்டியால் தேய்த்தெடுத்து, விளிம்பு வரை மெழுகு உருக்கிப் பூசி, சுரண்டாமல் வைத்தேன், துரு நின்றது.

அடிப்பரப்பு வேறு கதை. மெழுகைச் சுரண்டிவிட்டு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் விளிம்பு உயர்ந்திருக்கிறது. திரும்பும்போது பனியைக் கவ்வி இழுக்கும். ஓரங்களில் கசிந்தால் நடுப்புடைப்பு, ஸ்கீ அலையும். இரண்டுக்கும் இயந்திரக் கல்லில் அரைப்பதுதான் வழி. உள்ளிருக்கும் மரம் தெரியுமளவு பள்ளம் இருந்தால் முதலில் பாலிஎத்திலீன் (அடிப்பரப்பின் பிளாஸ்டிக்) ஒட்டு, பிறகு அரைப்பு.

வருஷா வருஷம் அரைப்பது, என்னைக் கேட்டால், வீண்செலவு. ஒவ்வொரு முறையும் அடிப்பரப்பு மெலியும், எஃகும் தேயும். கொடுக்கும்போது விளிம்புக் கோணத்தை, அதாவது எஃகை எவ்வளவு சாய்வாகத் தீட்டவேண்டும் என்பதை, சொல்லிவிடுங்கள்: பொதுவாக அடியில் 1, பக்கத்தில் 2 டிகிரி.