உங்கள் படத்தை ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டால்

புகைப்படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். என் படமொன்றை ஒரு பெரிய நிறுவனம் ஒரு வார்த்தை கேட்காமல் விளம்பரத்தில் போட்டது. தன் சின்னத்தை யாராவது தொட்டால் உடனே வக்கீல் நோட்டீஸ் விடும் நிறுவனம் அது. உங்களுக்கும் இப்படி நடந்தால் ஆத்திரம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் ஆதாரம் சேரும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

ஏனென்றால் கட்டணம் கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் போனதுமே படத்தை நீக்கிவிடுவார்கள். இணைய முகவரியும் தேதியும் தெரிய முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள். உங்கள் கேமராவின் ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை, பத்திரப்படுத்துங்கள். அது அவர்களிடம் இருக்காது.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. அந்த நிறுவனத்தின் தளத்திலேயே பதிப்புரிமை விதிகளைத் தேடிப் படியுங்கள். அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரிகளை அப்படியே உங்கள் கடிதத்தில் போடுங்கள். பிறரிடம் அவர்கள் வாங்கும் கட்டணம் தெரிந்தால் அதே கணக்கில் பில் போடுங்கள். எனக்குப் பதில் வரவைத்தது இதுதான்.

கடிதம் சட்டப் பிரிவுக்குப் போக வேண்டும். எங்கெங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள், கெடு வையுங்கள். “இணையத்தில் கிடந்தது”, “ஏஜென்சி செய்த தவறு”, “உங்கள் பெயரைப் போடுகிறோம்” என்பார்கள். கட்டணக் கோரிக்கையை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மிரட்டினால் புகைப்படக்காரர் டேனியல் மோரெலை நினையுங்கள். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அவர் ட்விட்டர் வழியாக வெளியிட்ட படங்களை ஏஎஃப்பி என்ற பிரெஞ்சு செய்தி நிறுவனம் எடுத்து விநியோகித்தது. கெட்டி இமேஜஸும் விற்றது. படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்கிற நிறுவனங்கள் இரண்டும். அவர் ஆட்சேபித்ததும் ஏஎஃப்பி முந்திக்கொண்டு அவர்மேலேயே வழக்குப் போட்டது. 2013இல் நியூயார்க் ஜூரி அவருக்குச் சுமார் 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி பதிவு செய்யாமலே உரிமை உண்டு. ஆனாலும் அமெரிக்காவில் வழக்காட நேரலாம் என்றால், படத்தை வெளியிட்ட மூன்று மாதத்துக்குள் அங்கே பதிப்புரிமையைப் பதிவு செய்துவிடுங்கள். தெரிந்தே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை சட்டம் நிர்ணயித்த இழப்பீடு கேட்க அது உதவும்.

பணம் தர இறங்கி வந்ததும் ஓர் ஒப்பந்தம் அனுப்புவார்கள். இனியும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வரி அதில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லி, நீக்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். இனிமேல் பயன்படுத்துவதற்குத் தனி விலை.