கொப்பியில் வெட்டினால் பிழை போய்விடாது

போன மாதம் சித்தியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலை ஆறரைக்கே வாங்கு நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருபது வயதுத் தம்பி ஒருவர், தாயின் கிளினிக் கொப்பியை மடியில் விரித்து முதல் பக்கத்தில் ஒரு வரியை நீலப் பேனையால் வெட்டிக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு ஆஸ்மா இல்லை அண்ணை. ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்" என்றார். பேனையை மூடச் சொன்னேன். அப்பாவின் கொப்பியில் ஒருநாள் நானும் இப்படித்தான் பேனையைத் திறந்தேன்.

அப்பாவின் மருத்துவப் பதிவில் இருந்த ஒரு பிழையைத் திருத்த நான்கு வருடம் எடுத்தது. அதன் பிறகு உறவினர், அயலவர் என்று ஏழெட்டுப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் இடறுவது அதே இடங்களில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டைத் தொலைக்காதீர்கள், பெயரைச் சரிபாருங்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

நீங்களே வெட்டுவது

டொக்டர்மார் திருத்தும் முறையைக் கவனியுங்கள். ஒரே ஒரு கோடு, கீழே இருக்கும் பழைய எழுத்து வாசிக்கத் தெரியும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, திகதி. கையெழுத்து இல்லாமல் வெட்டிய வரியைப் பார்த்தால் அடுத்த டொக்டருக்கு அந்தப் பக்கம் முழுவதிலும் சந்தேகம் வரும். எழுத்தை மறைக்கும் வெள்ளை மையான ரிப்பெக்ஸைத் தொடவே வேண்டாம்.

கையில் இருக்கும் தாளை மட்டும் திருத்துவது

நான் செய்த பெரிய பிழை இது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதற்காக அவதிப்பட்டவர் அப்பா.

2017 இல் அப்பாவுக்குக் கெர்னியா ஒப்பரேசன். மூன்றாம் நாள் ரிக்கற் (வாட்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் தாள்கள்) வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வந்து டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பார்த்தால், பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இது எனக்கில்லை, அண்ணருக்கு. வாட்டில சேர்க்கேக்க கேட்டவை, சொன்னனான்." பெரியப்பாவுக்குப் பென்சிலின் போட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த கிளினிக்கில் சொன்னேன். அங்கிருந்த டொக்டர் பொறுமையாகக் கேட்டார். கொப்பியின் முதல் பக்கத்தில் ஏறியிருந்த அந்த வரியை முறைப்படி வெட்டிக் கையெழுத்தும் வைத்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

கொப்பியில் இருந்தது பிரதி. மூலம் காட்டில் இருந்தது. 2019 இல் கொப்பி நிறைந்ததும் புதிதாக எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தாதி மிஸ் ஒருவர் முதல் பக்கத்தை நிரப்பித் தந்தார். அவர் பார்த்து எழுதியது, நான் கொப்பிக்குள் பத்திரமாகச் செருகி வைத்திருந்த அதே காட்டை. அதே சிவப்பு வரி, அதே இரண்டு கோடு. நான் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2021 இல் வேலி அடைக்கும்போது கருக்குமட்டை அப்பாவின் காலைக் கிழித்தது. இரண்டு நாளில் முழங்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. வாட்டில் சேர்த்தோம். இப்படியான தோல் தொற்றுக்கு வழக்கமாக முதலில் போடுவது பென்சிலின் குடும்பத்து மருந்துகளைத்தான். குளொக்சசிலின், அமொக்சிசிலின் எல்லாம் அந்தக் குடும்பமே. சிவப்பு வரியைக் கண்ட டொக்டர் எரித்ரோமைசின் எழுதினார். அவர் செய்தது சரி. அப்படி எழுதியிருக்கும்போது பென்சிலின் போடுவதுதான் ஆபத்து. ஆனால் எரித்ரோமைசின் பலருக்கு வயிற்றைப் பிரட்டும். அப்பா கஞ்சி குடித்தாலும் சத்தி எடுத்தார். எட்டு நாள் கட்டிலில் கிடந்து, சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்து வீட்டுக்கு வந்தார்.

வாட்டில் நின்று "அது பிழை டொக்டர்" என்று சொல்லிப் பார்த்தேன். "எழுத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். வெட்டிக் கையெழுத்து வைத்த பழைய கொப்பி வீட்டில் எங்கே கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாய்ச்சொல்லை நம்பி ஒவ்வாமையை நீக்க எந்த டொக்டரும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

அப்புறம்தான் ஒழுங்காகத் தொடங்கினேன். பிழை இருக்கும் தாள்களையெல்லாம் திகதிப்படி அடுக்கி, ஆகப் பழையது எது என்று பார்த்தேன். 2017 காட். அதில் இருந்த வாட் இலக்கம், ரிக்கற் இலக்கம், சேர்த்த திகதி மூன்றையும் குறித்தேன். ரெக்கோட் றூமில் பழைய ரிக்கற்றைத் தேடியெடுக்க இவைதான் உதவும். பெயரை மட்டும் சொன்னால் ஒரே பெயரில் எத்தனையோ பேர். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம். அதோடு பிழையான வரிக்கு அடிக்கோடிட்ட காட்டின் போட்டோக்கொப்பி, அப்பா முன்பு அமொக்சிசிலின் குடித்ததைக் காட்டும் பழைய மருந்துத் துண்டின் போட்டோக்கொப்பி. கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையேற்ற திகதி முத்திரை வாங்கி வீட்டில் வைத்தேன்.

ஏழு வாரத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். பெரிய டொக்டர் ரிக்கற்றை மேசையில் விரித்து என் பக்கம் திருப்பினார். சேர்த்த அன்று எழுதிய பக்கத்தில் சரியாகவே இருந்தது: "பிரதர்" என்று ஒரு சொல், அதற்குப் பின்னால் பென்சிலின் ஒவ்வாமை. ரிக்கற்றிலிருந்து காட்டுக்கு எழுதும்போது அந்த ஒரு சொல் விடுபட்டுவிட்டது.

அவர் அப்பாவிடம் நிதானமாக விசாரித்தார். மருந்துத் துண்டைப் பார்த்தார். ரிக்கற்றில் திருத்தக் குறிப்பு எழுதி, கையொப்பம், திகதி, பதவி முத்திரையோடு ஒரு கடிதமும் தந்தார். அதை ஏழு போட்டோக்கொப்பி எடுத்தேன். ஒன்று பழைய காட்டோடு சேர்த்து அடித்தது. ஒன்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியது. ஒன்று குடும்ப டொக்டருக்கு, ஒன்று அப்பாவைச் சனல் பண்ணிக் (பணம் கட்டி நேரம் பதிந்து) காட்டும் தனியார் ஆஸ்பத்திரிக்கு, ஒன்று வழமையாக மருந்து வாங்கும் பாமசிக்கு. மிச்சம் இரண்டும் அலுமாரியில்.

ஆகவே பிழையைக் கண்டதும் யார் எழுதியது என்று தேடி அலையாதீர்கள். எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளில் நிற்கும்வரை பிழை ஒவ்வொரு புதுக் கொப்பியிலும் முளைக்கும்.

இன்னொன்று. ஒவ்வாமை இல்லை என்று நிரூபிக்க வீட்டில் மாத்திரையைப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையைச் செய்வதானால் ஆஸ்பத்திரியில், டொக்டரின் கண்காணிப்பில்தான்.

எல்லாப் பிழையையும் ஒரே கவுண்டருக்குக் கொண்டுபோவது

பெயர், வயது, ஆணா பெண்ணா, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுத்துப் பிழைகள். ஆவணத்தைக் காட்டிப் பதிவுப் பகுதியில் கேட்கலாம். நோயின் பெயர், ஒவ்வாமை, வலது காலா இடது காலா என்பவற்றை எழுத்தர் தொடமாட்டார். அவற்றுக்கு டொக்டர் வேண்டும்.

வயதுப் பிழையைப் பிடிக்க அடையாள அட்டை இலக்கமே போதும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 1958 ஜனவரி 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 58501 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வரும். ஒருமுறை பழைய இலக்கத்திலும் இன்னொருமுறை புதிய இலக்கத்திலும் பதிந்தால் ஒரே ஆள் இரண்டு பேராக நிற்கக்கூடும். இரண்டும் ஒருவரே என்று கேட்டு இணைப்பியுங்கள்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, அதன் பிறகு போகுமிடமெல்லாம் அண்ணளவாக வயது சொல்லிப் பழகியவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அம்மம்மாவுக்கு மூன்று தாளில் மூன்று வயது என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

பிள்ளை தன் பெயரில் கடிதம் எழுதுவது

கடிதம் நோயாளியின் பெயரில், நோயாளியின் கையொப்பத்தோடு போகட்டும். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஒருவரின் மருத்துவ அறிக்கையை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மற்றவருக்குக் கொடுக்க மறுக்கலாம் என்று இருக்கிறது. மகனென்றாலும் நீங்கள் மற்றவர்தான். கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் நோயாளியே விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

கிளினிக் நேரத்தில் வாதாடுவது

பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். வேண்டாம்.

மூலத்தைக் கொடுத்துவிட்டு வருவது

போட்டோக்கொப்பி மட்டும். காட்டைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

எழுதாமல் விட்டதைப் பிழையாக நினைக்காதது

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா. முதுகில் எறிகணைச் செல் துண்டு ஒன்று முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. வலி இல்லாததால் அவர் அதை நோயாகவே எண்ணுவதில்லை, எந்த டொக்டரிடமும் சொன்னதில்லை, எந்தத் தாளிலும் இல்லை. நாரி நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த இயந்திரம் பலத்த காந்தம். முள்ளந்தண்டுக்கோ கண்ணுக்கோ பக்கத்தில் உலோகத் துண்டு இருந்தால் பெரிய ஆபத்தாகலாம். அன்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்து, துண்டு இருக்கும் இடத்தை டொக்டரைக் கொண்டு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சுகமாக இருக்கும்போதே எழுதுவித்துவிடுங்கள்.

பழைய கொப்பியை எறிவது

எறியாதீர்கள். அப்பாவின் அமொக்சிசிலின் துண்டு, 2015 இல் பல்லுப் பிடுங்கியபோது கொடுத்தது, அவருடைய ஆக முதல் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் துருப்பிடித்த பின்னோடு இருந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போடவென்று அம்மா சணல் கயிற்றால் கட்டி விறாந்தையில் வைத்திருந்த கட்டுக்குள்ளிருந்துதான் அந்தக் கொப்பியை எடுத்தேன்.