கிரவலில் பந்து மட்டைக்கு மேலால் பாய்ந்தால்

கல்லூரி ஹொக்கி அணித் தெரிவுக்குப் போகும் பிள்ளைகள் ஓங்கி அடித்துத்தான் பழகுகிறார்கள். பந்தை நிறுத்தத் தெரியாதவனுக்கு அடிக்கப் பந்தே கிடைக்காது. வன்னியில் நாங்கள் பழகுவதோ கிரவலும் காய்ந்த புல்மொட்டும் கிடக்கிற தரை. அதில் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்தால் 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள பந்து கல்லில் பட்டு எழும்பி முழங்காலுக்கு வரும்.

எனக்குச் சரிவந்த வழி இது. இடக்கை கைப்பிடியின் உச்சியில், வலக்கை தண்டின் நடுவில். இடக்கையைப் பந்து வரும் பக்கம் முன்னே தள்ளுங்கள். மட்டையின் முகம் தரையை நோக்கிச் சரியும், துள்ளும் பந்து அதற்குக் கீழே அமுங்கும். வலக்கையை இறுக்கக் கூடாது. பந்து தொடும் கணத்தில் மட்டை கொஞ்சம் பின்வாங்க வேண்டும். விறைத்த கை பந்தைத் தெறிக்க விடும்.

வேகமான பந்துக்குக் குந்தி, மட்டையைத் தரையோடு கிடையாகப் படுக்க வையுங்கள். இடக்கை விரல்மொளி கிரவலில் உரசும், கையுறை கட்டாயம்.

அப்படிப் படுக்க வைத்தால் மட்டையின் வளைவு நுனி தேயும். மட்டையின் உள்நார் தெரியுமுன் துணி ரேப் இரண்டு சுற்று போதும். தடிப்பாகச் சுற்றினால் சிக்கல்: ரேப்போடு சேர்த்தே மட்டை, அதன் பருமனைப் பார்க்கிற 51 மில்லிமீற்றர் உள்விட்ட வளையத்துக்குள் நுழைய வேண்டும். ரேப் பிய்ந்து சொரசொரத்தால் உடனே மாற்றுங்கள், நடுவர் மட்டையை வெளியே போடச் சொல்வார்.