தாஷ்கண்டில் கொரியச் சாப்பாடு: புதிதாக வருபவர்களுக்கு

தாஷ்கண்டில் வந்திறங்கும் நம்மூர்ப் பிள்ளைகள் முதல் வாரம் என்னிடம் கேட்பது, சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும் என்று. அடுத்த வாரம் கேட்பது கொரியன் கடை. ராத்திரி இரண்டு மணி வரை கொரியத் தொடர் பார்த்து வளர்ந்த தலைமுறை, கேட்கத்தான் செய்யும். "அண்ணா, ஒரிஜினல் கொரியன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

இந்த ஊரில் கொரியச் சாப்பாடு இரண்டு உண்டு. ஒன்று, தென்கொரியத் தலைநகர் சோலில் இருந்து வந்தவர்கள் நடத்தும் உணவகம். தொடர்களில் பார்த்த அதே கறுப்புக் கல்சட்டி, அதே இரும்புக் கரண்டி. இன்னொன்று, இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்களின் சாப்பாடு. அவர்கள் தங்களைக் 'கொர்யோ சராம்' என்கிறார்கள். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. பெயர் விக்டர், ஸ்வெத்லானா என்று இருக்கும், குடும்பப் பெயர் கிம், பாக், த்சோய், யுகாய். உஸ்பெகிஸ்தானில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். முதல் வகைக்கு என்னுடைய உதவி தேவையில்லை, போனில் வரைபடத்தைத் திறந்தால் போதும். நான் எழுத உட்கார்ந்தது இரண்டாவதற்காக.

அவர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று தெரியாவிட்டால் தட்டில் இருப்பது புரியாது. அவர்களின் முன்னோர் பெரும்பாலும் கொரியாவின் வடகிழக்கில் உள்ள ஹம்கியோங் பகுதியிலிருந்து எல்லை தாண்டி, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் குடியேறியவர்கள். 1937 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலினும் பிரதமர் மொலோதவும் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார்கள். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகம். அந்த இலையுதிர் காலத்தில் சுமார் 1,72,000 பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றி கசகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். தாஷ்கண்டைச் சுற்றியுள்ள சிர்ச்சிக் ஆற்றங்கரை நாணல் காட்டைத் திருத்தி நெல் போட்டவர்கள் இவர்கள்தான்.

கிம்ச்சி என்பது கோஸைப் பூண்டும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைப்பது. அதற்கு வேண்டிய நீளக் கோஸ் அன்றைக்கு இங்கே சுலபமாகக் கிடைக்கவில்லை. கேரட் மலிவு. கோஸுக்குப் போடும் பூண்டையும் மிளகாயையும் கேரட்டில் போட்டார்கள் என்பார்கள். அதுதான் மர்கோவ்ச்சா. 'மர்கோவ்' ரஷ்ய மொழியில் கேரட், 'ச்சா' என்பது மெல்லிசாக நறுக்கிய காய்க்கான கொரியச் சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்கு முன்னாள் சோவியத் நாடுகள் முழுக்க இதைச் சாப்பிடுகிறார்கள். தென்கொரியாவிலிருந்து வருபவருக்குக் கொடுத்தால் "இது என்ன?" என்று கேட்பார். அப்படியானால் இது ஒரிஜினல் இல்லையா என்று என்னிடம் வாதம் பண்ணாதீர்கள். பினாங்கு மாமி வைக்கும் மீன் கறி தஞ்சாவூர்க் குழம்பு மாதிரி இல்லை என்று யாராவது அதைப் போலி என்பார்களா?

சரி, பஜாருக்குப் போவோம். பெயர்பெற்றது ஊரின் தென்கிழக்கில் உள்ள குய்லுக் பஜார். ஊர் நடுவில் இருப்பவர்களுக்கு மிராபாத் பஜார் பக்கம், பழைய ஆட்கள் அதை 'கோஸ்பித்தால்னி' என்பார்கள். யாந்தெக்ஸ் செயலியில் பஜார் பெயரைப் போட்டால் வண்டி வாசலில் இறக்கிவிடும். உள்ளே போய் "கரேய்ஸ்கியே சலாத்தி" என்று கேளுங்கள், கொரிய சாலட் வரிசையைக் கை காட்டுவார்கள். மூக்கை நம்பியும் போகலாம். பூண்டும் வினிகரும் வாடை எங்கே தூக்குகிறதோ அங்கேதான்.

வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்ட அம்மாக்கள் நிற்பார்கள், முன்னால் பேசின் பேசினாகக் குவியல். ஆரஞ்சு நிறத்தில் மர்கோவ்ச்சா. ஊதாத் தோலோடு வதங்கிக் கிடப்பது கத்திரிக்காய், அது கதிச்சா. வெளிறிய நூல் மாதிரி இருப்பது உருளைக்கிழங்கு, கம்திச்சா. சிவப்புச் சாறில் மிதப்பது சிம்ச்சி, கிம்ச்சியை இவர்களின் வட்டார மொழியில் அப்படித்தான் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் ருசி பார்ப்பது இங்கே வழக்கம், கூச்சப்படாதீர்கள். "பப்ரோபவாத் மோஷ்னோ?" என்று கேட்டால் கவ்வியில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் வைப்பார்கள். கிலோ கணக்கு விலை எழுதியிருக்கும், மலைக்க வேண்டாம். "ஸ்தோ கிராம்" என்றால் நூறு கிராமும் தருவார்கள். நான்கு வகையில் நூறு நூறு வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் சூடான நான் ரொட்டி ஒன்று வாங்கினால் அன்றைய மதியம் முடிந்தது.

முதல் முறை மர்கோவ்ச்சாவை வாயில் போட்டதும் நான் அப்படியே நின்றேன். மல்லி! நம்ம தனியாவேதான், கரகரப்பாக இடித்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் மிளகாய்த் தூள், அதற்கு மேல் புகைய புகையக் காய்ந்த எண்ணெய். தாளித்துக் கொட்டியிருக்கிறார்கள் என்று நாக்கு சொன்னது. சோல் சமையலில் தனியாவைத் தேடினாலும் கிடைக்காது. மத்திய ஆசிய மண் கொடுத்தது அது. ஆகவே ஊர் நினைப்பில் வாய் செத்துப் போயிருக்கும் முதல் மாதத்தில் நூடுல்ஸ் பாக்கெட்டை விட இந்த வரிசை உங்களைக் காப்பாற்றும்.

சைவக்காரர்களுக்கு இரண்டு விஷயம். 'ஸ்பார்ஷா' என்று எழுதியிருக்கும், மஞ்சள் நிறத்தில் கயிறு திரித்த மாதிரி. அகராதியைப் பார்த்தால் அஸ்பாரகஸ் என்று வரும். நம்பாதீர்கள். சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துக் காயவைத்தது, சரியான பெயர் ஃபுஜு. மெல்லும்போது கறி மாதிரியே இருக்கும். சைவம் என்று நான் சொல்லியும் ஒரு தோழி அதைத் துப்பிவிட்டாள். இரண்டாவது, "பெஸ் ம்யாசா" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்கு 'ம்யாசா' என்பது மாடும் ஆடும்தான், கோழி கணக்கிலேயே வராது. "பெஸ் ம்யாசா, பெஸ் குரிட்சி, பெஸ் ரீபி" என்று கோழி, மீன் எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லுங்கள். சிம்ச்சியில் மீன் சாறு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பேசினுக்குப் பேசின் மாறும்.

அடுத்தது குக்சி. இதற்குத்தான் உட்கார்ந்து சாப்பிடும் கடைக்குப் போக வேண்டும். பெயர்ப் பலகையில் 'குக்சி' என்றோ 'கரேய்ஸ்கயா குஹ்ன்யா' என்றோ இருக்கும் சின்னக் கடைகள், பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேசைகள். அலங்காரம் குறையக் குறைய நல்லது என்பது என் அனுபவம். ஒரு பெரிய கிண்ணத்தில் மெல்லிய கோதுமை நூடுல்ஸ், மேலே 'சுமி' என்கிற குவியல்கள்: வதக்கிய மாட்டிறைச்சிக் கீற்று, வெள்ளரி, கோஸ், நூலாக நறுக்கிய முட்டை அடை. அதன்மேல் 'முரி' ஊற்றுவார்கள். சோயா சாஸ், வினிகர், சர்க்கரை போட்ட ஜில்லென்ற புளிப்புத் தண்ணீர். உக்ரோப் என்கிற சதகுப்பைக் கீரை மிதக்கும். முதல் தடவை, ரசத்தை ஃபிரிட்ஜில் வைத்துச் சேமியாவில் ஊற்றிவிட்டார்களோ என்று தோன்றியது எனக்கு. பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் 'சில்லா' வந்தது. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை சுமார் நாற்பது நாள், நம்ம கத்திரி வெயில் மாதிரி இவர்களின் கொடும் கோடை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கடல் காற்று என்ற பேச்சே கிடையாது. ஒரு மதியம் வேறு வழியில்லாமல் மறுபடி குக்சி கடைக்குள் நுழைந்தேன். கிண்ணத்தைத் தூக்கி அடி முரி வரை குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். குளிர்காலத்தில் வந்து குக்சி சாப்பிட்டுப் பிடிக்கவில்லை என்பவர்களிடம், ஜூலையில் பேசுவோம் என்று மட்டும் சொல்வேன். (சூடான குக்சியும் உண்டு, "கர்யாச்சயா" என்று கேட்டால் தருவார்கள்.)

குளிர்காலத்துக்கு சிர்யாக்-த்யாமுரி. சோயாவைப் புளிக்கவைத்த 'த்யாய்' விழுதில் கோஸ் இலை போட்டுக் கொதிக்கவைத்த சூப், பக்கத்தில் 'பாபி'. பாபி என்றால் உப்புப் போடாத வெறும் சோறு. எண்ணெய் மிதக்கும் பிலாஃபையே சோறு என்று நினைக்கும் ஊரில், வெள்ளைச் சோற்றைக் கண்டால் கண் கலங்கும். த்யாய் கொதிக்கும் வாடை மட்டும், நம்மூரில் கருவாடு வறுக்கும் வீட்டுப் பக்கம் போன மாதிரி. ருசி வேறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிகோதி ஆவியில் வேகவைத்த பெரிய கொழுக்கட்டை, உள்ளே கோஸும் கறியும். பஜார் ஓரங்களில் பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்து விற்பார்கள். உள்ளே இருப்பது பல நேரம் பன்றி. முஸ்லிம்கள் அதிகமுள்ள நாடுதானே என்று விசாரிக்காமல் விடாதீர்கள், கொரியர் சமையலில் பன்றி சகஜம். "ஸ்வினினா?" என்று ஒரு சொல் போதும், மறைக்க மாட்டார்கள். மாட்டுக்கறி 'கவ்யாதினா'. சில கடைகளில் நாய்க்கறி சூப்பும் உண்டு. அவர்களுக்கு அது பழைய வழக்கம், முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பெயர் புரியாத சூப்பை, என்ன இறைச்சி என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

'ஹே' விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பச்சை மீனை வினிகர், வெங்காயம், மிளகாயில் ஊறவைத்தது. ருசி பிரமாதம். ஆனால் இது கடலில்லாத நாடு, அந்த மீன் ஆற்று மீன் அல்லது குளத்து மீன். வினிகர் அதிலுள்ள ஈரல் புழுவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. மருத்துவம் படிக்க வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹே என்ற பெயரிலேயே வேகவைத்த கோழி இரைப்பையிலும் செய்கிறார்கள், அதைச் சாப்பிடுங்கள்.

தென்கொரிய உணவகங்களைப் பற்றி ஒரே வரி: தொண்ணூறுகளில் தேவூ கார் தொழிற்சாலையோடு வந்தவர்களின் தொடர்ச்சி அவை, சாப்பாடு நன்றாகவே இருக்கும், விலை பல மடங்கு. அங்கே சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ளச் சும்மா கொடுப்பார்கள். அதே நினைப்பில் குக்சி கடையில் உட்கார்ந்து கிம்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், அங்கே ஒவ்வொன்றுக்கும் காசு.

வீட்டில் செய்யப் பார்ப்பவர்களுக்கு. மர்கோவ்ச்சா சுலபம். ஒரு கிலோ சிவப்புக் கேரட் வாங்குங்கள், மஞ்சள் கேரட் பிலாஃபுக்கானது. நீள நூலாகச் சீவுவதற்கென்றே துருவி பஜாரில் உண்டு. ஒரு கரண்டி உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கையால் பிசைந்து அரை மணி நேரம் விடுங்கள். வினிகர் இரண்டு மூன்று கரண்டி. பூண்டு ஐந்து பல், இடித்த தனியா, மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் நடுவில் குவித்து, அதன் தலையில் காய்ந்த எண்ணெயை ஊற்றுங்கள். சுர்ர்ரென்று சத்தம் வர வேண்டும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில்.

வினிகரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கடையில் 'உக்சுஸ்' என்று சொன்னேன், சின்னக் கண்ணாடிப் பாட்டில் கொடுத்தார்கள். வாங்கி வந்து மூன்று கரண்டி ஊற்றினேன். கண் எரிந்தது, நாக்கு நுனி வெந்துபோய் இரண்டு நாள் ருசியே தெரியவில்லை. அது 70 சதவீத எசன்ஸ். சமையலுக்கு வேண்டியது 9 சதவீதம். லேபிளில் எண்ணைப் பாருங்கள், 'எசென்சியா' என்றிருந்தால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் விட வேண்டும், தண்ணீரில்தான் எசன்ஸை ஊற்ற வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பாட்டிலே வேண்டாம்.

உண்மையான விருந்து கடையில் கிடைக்காது. குழந்தையின் முதல் பிறந்தநாள் 'அஸ்யாந்தி', அறுபது நிறைந்தால் 'ஹ்வாங்காப்'. நம்மைப் போலவே அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று, அது முடிந்தால் கொண்டாட்டம். "எங்கள் ஊரிலும் அறுபதாம் கல்யாணம் உண்டு" என்று சொல்லிப் பாருங்கள், அழைப்பு வரும். ஏப்ரல் 5-ஆம் தேதி கல்லறைக்குப் படையலோடு போவார்கள், அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் வாடகைப் பேச்சு வேண்டாம்.

என் வீட்டுக்காரப் பாட்டி கொர்யோ சராம். எசன்ஸ் கேரட்டைக் குப்பையில் கொட்டி, சரியாகச் செய்யச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். போன மாதம் நானே செய்து ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். எண்ணெய் காயும்போது கை சும்மா இருக்கவில்லை, கடுகும் ஊரிலிருந்து வந்த காய்ந்த கறிவேப்பிலையும் போட்டுவிட்டேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குச்சியால் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைத்தார். பதினேழு கடுகு. அப்புறம் கேரட்டை முழுக்கச் சாப்பிட்டார். கறிவேப்பிலையை மட்டும் கையில் எடுத்து முகர்ந்து, இது எந்தப் பஜாரில் கிடைக்கும் என்று கேட்டார்.